கருப்பசாமியின் அல்புமின்

ரத்தப் பரிசோதனை லேபில் இரவு வேலை பார்க்கிறவனுக்கு ஊரில் பாதிப் பேருடைய ஈரல் தெரியும். ஒருத்தருடைய முகமும் தெரியாது. மல்லாங்கிணறு, காரியாபட்டிப் பக்கத்து ரத்தம் சாயங்கால பஸ்ஸில் வந்துவிடும். சிவகாசி, எம். புதுப்பட்டிப் பக்கத்து ரத்தம் ஒன்பதரை மணிக்கு ஐஸ் பெட்டியில், பைக்கில் வரும். விடிவதற்குள் எல்லாவற்றையும் மிஷினில் ஓட்டி, எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டும். இதற்கென்று படித்த மேடம் காலையில் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். நான் வீட்டுக்குப் போய் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பேன். மனைவியும் மகனும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மகனுக்கு அங்கே வேலை என்பது நான் ஊருக்குச் சொல்கிற காரணம்.

மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களே, ஏ.டி.எம். காவலாளிகளே, டோல்கேட் கூண்டுக்குள் விடிய விடியக் கை நீட்டுகிறவர்களே, பகல் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டுகிற கேஸ் சிலிண்டர்காரரை மனசுக்குள் திட்டியிருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது. மற்றவர்களுக்குப் புரியுமோ என்னவோ.

மஞ்சளில் எத்தனை மஞ்சள்

இந்த வேலைக்கு நான் படித்தவன் இல்லை. பதினெட்டு வருஷம் சிவகாசியில் ஆப்செட் மிஷின்மேன். காலண்டரில் அம்மன் சேலைக்கு எந்தச் சிவப்பு, தீப்பெட்டி லேபிளில் எந்த மஞ்சள் என்று கண்ணால் பார்த்தே சொல்வேன். மை வாசனை நெஞ்சுக்கு ஆகாமல் போய், இருமல் நிற்காமல் வேலையை விட்டேன். விருதுநகரில் ஒரு லேபுக்கு ராத்திரி ஆள் வேணும் என்று கேள்விப்பட்டுப் போனேன். கழுவித் துடைக்கிற வேலையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

லேப் ஓனர் பத்து டியூப் செருகியிருந்த ஸ்டாண்டைத் தூக்கி என் முன்னால் வைத்தார். மிஷினில் சுற்றி எடுத்த ரத்தம். சிவப்பெல்லாம் அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நின்றது. அதைச் சீரம் என்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. "இதுல எது எது சரியில்லைன்னு உங்களுக்குத் தோணுது?" என்றார். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "ஏழு டியூப் ஒரே வைக்கோல் கலர். மூணாவதுல மஞ்சள் ரொம்பத் தூக்கலா இருக்கு. ஆறாவதுல மெஜந்தா கலந்திருக்கு. ஒம்பதாவதுல வெள்ளை விழுந்து பால் மாதிரி இருக்கு" என்றேன். மூணாவது மஞ்சள் காமாலைக்காரர். ஆறாவதில் ரத்த அணு உடைந்து சிவப்பு இறங்கியிருந்தது. ஒன்பதாவது கொழுப்பு. ஓனர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கலரு தெரியுதுல்ல, அது போதும். ரத்தத்தை மிஷின் பார்த்துக்கிடும். மிஷினை நீங்க பார்த்துக்கிடுங்க."

ரெண்டு வேல்

பெட்டி கொண்டு வருகிறவன் கருப்பசாமி. என்னைவிட எட்டு வயது சின்னவன். காலண்டர் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், இந்த வேலைக்கு வந்தான். பைக்கை நிறுத்தி, பெட்டியைக் கீழே வைக்கும் முன்னாலேயே, "அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்பான். ஒரு நாளில் என்னிடம் அதைக் கேட்கிற ஆள் அவன் ஒருத்தன்தான். பிளாஸ்க்கில் டீ வைத்திருப்பேன். ஆளுக்கு ஒரு கிளாஸ், பத்து நிமிஷப் பேச்சு. அவன் கிளம்பிய பிறகு மறுநாள் ஒன்பதரை வரைக்கும் நான் பேசுவது பெரும்பாலும் மிஷினிடம்தான்.

காமாலை டெஸ்டுக்கு வருகிற ரத்தத்தில் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் அந்த மஞ்சள் கரைந்து, எண் குறைந்துவிடும். அதனால் டியூபில் கறுப்புத்தாளைச் சுற்றி அனுப்புவார்கள். ஒரு நாள் கறுப்புத்தாள் தீர்ந்துபோக, கருப்பசாமி பழைய சிநேகத்தில் காலண்டர் கம்பெனிக்குப் போய், கழித்துப்போட்ட அச்சுத்தாளை ஒரு கட்டு வாங்கிக் கிழித்துச் சுற்றிக் கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால் முருகன். கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகி, சாமிக்கு நாலு கண், ரெண்டு வேல். பழைய மிஷின்மேன் இல்லையா, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எவம்லே இதை அடிச்சவன்?" என்றேன். கருப்பசாமி டீயை ஊதிக்கொண்டே சொன்னான்: "காவலுக்கு வாரவருக்கு ரெண்டு வேலு இருந்தா நல்லதுதான அண்ணாச்சி."

கூடவா, குறைவா?

மல்லாங்கிணறிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். வீட்டுக்காரருடைய ரிசல்ட் போனில் வந்துவிட்டதாம், எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று போட்டிருக்கிறதாம், அது என்ன என்று கேட்டார். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எண்ணை மட்டும் கொடுக்கலாம், அர்த்தம் சொல்லக்கூடாது, அது டாக்டர் வேலை. அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. மதுரையில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு தடி இங்கிலீஷ் வைத்தியப் புத்தகத்தை வாங்கி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஆறு வருஷ ராத்திரியில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். எஸ்.ஜி.பி.டி. ஈரலில் செல் என்கிற சின்னச் சின்ன அறைக்குள்ளேயே வேலை செய்கிற என்சைம். அது ரத்தத்தில் நிறையத் தென்பட்டால், அறையின் சுவர் உடைகிறது என்று பொருள். இது இன்றைக்கு வந்த சேதி. அல்புமின் அப்படியில்லை. ஈரல் செய்து ரத்தத்தில் விடுகிற புரதம், இருபது நாள் வரை தங்கும். அதனால் அது சொல்வது கொஞ்சம் பழைய சேதி.

இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்தது. "டாக்டர்ட்ட காமிங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். "சரிய்யா, அர்த்தம் வேண்டாம். கூடவா குறைவா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். "கூடத்தாம்மா" என்றேன். பிறகு சொன்னார்: "எங்க வீட்ல கூடுனது இது ஒண்ணுதான்யா."

மூணு பேருக்கு ஒரே பரோட்டா

பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஆட்களுக்கு உடல் பரிசோதனை நடந்து, டியூப்கள் மொத்தமாக வந்தன. அதில் மூன்று டியூபில் சீரம் பால் மாதிரி வெளுத்திருந்தது. வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னால் சில பேர் சாப்பிட்டுவிட்டு வருவது சகஜம்தான். ஆனால் மூன்றிலும் ஒரே வெள்ளை. ஒரே மிஷினில், ஒரே மையில் அடித்த மூன்று தாள் மாதிரி. எண்களைப் பார்த்தால் அல்புமின் மூன்றிலும் ஒரே எண், யூரியாவும் அப்படியே, என்சைம் எல்லாமும் அப்படியே. மேடத்திடம் சொன்னேன். மறுபடி ரத்தம் எடுக்க மூன்று பேரையும் லேபுக்கே வரச்சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வந்தார்கள். விஷயம் லேசில் வெளியே வந்தது. மூன்று பேரில் இரண்டு பேருக்குக் குடிப்பழக்கம். ரத்தத்தில் தெரிந்தால் சீசன் நேரத்தில் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள் என்று பயம். குடிக்காத ஒருத்தன், கூட்டாளிகளுக்காக வரிசையில் மூன்று தடவை நின்று மூன்று பேர் பெயரில் கை நீட்டியிருக்கிறான். கையில் மூன்று இடத்தில் ஊசி குத்திய தடம் இருந்தது. ரத்தம் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி பந்தயம் கட்டி எட்டுப் பரோட்டா தின்றதை அவன் யோசிக்கவில்லை. மேடம் திட்டி முடிக்கும் வரை தலையைக் குனிந்து நின்றவன், அவர்கள் உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, பரோட்டா திங்காம வந்திருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டீகள்ல?"

அன்று ராத்திரி இதைக் கருப்பசாமியிடம் சொல்லிச் சிரித்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் சிரிக்காமல், கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "பால் மாதிரி இருந்ததாலதான் மாட்டுனாகளா?" என்றான்.

செருப்பு வார்

அவன் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பார்த்தேன். டீ குடிக்கச் செருப்பைக் கழற்றினான். கால் மேல் வாரின் தடம் அரை விரல் ஆழத்துக்குப் பதிந்து கிடந்தது. பத்து நிமிஷம் கழித்து எழுந்தபோதும் தடம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு நாள், காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கியிருப்பதாகவும், மூத்திரம் போனால் துணி துவைத்த மாதிரி நுரை நிற்பதாகவும் வேடிக்கையாகச் சொன்னான். இந்த மூன்றும் என் அட்டை கிழிந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

நான் உடனே சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டும். மூன்று வாரம் சும்மா இருந்தேன். சொன்னால் பயந்து பெட்டியை வைத்துவிட்டு ஓடிவிடுவானோ, பத்து நிமிஷம் போய்விடுமோ என்று இருந்தது. அவன் காலைவிட எனக்கு என் டீ பெரிதாக இருந்தது. கடைசியில் ஒரு நாள், "ஏலே, ஒரு டியூப் ரத்தம் குடு, பார்த்திருவோம்" என்றேன். "அம்புட்டு ரத்தம் கொண்டு வாரேன், பத்தலையா?" என்று சிரித்துத் தட்டிவிட்டான். விடாமல் கேட்டேன். நாலாவது நாள் முகம் மாறிவிட்டது. அவனுடைய ஐயா வயிறு வீங்கிச் செத்தவர், ஈரல், குடி. இவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குப் போனால், கதவைத் திறக்கிற பெண்டாட்டி முதலில் இவன் வாயைத்தான் மோந்து பார்ப்பாளாம். "ஈரல்னு பேப்பர்ல வந்துச்சுன்னா என்னைய யாரு நம்புவா? குடிக்காமலே குடிகாரன் ஆயிருவேன் அண்ணாச்சி."

செத்தவனுக்கு அரை கிளாஸ்

பரோட்டாக் கதை சொல்லி ஒரு வாரம் இருக்கும். கருப்பசாமி வந்ததும் வராததுமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு மூடி டியூபை எடுத்து மேஜையில் வைத்தான். மேலே அவன் பெயர். "உங்க தொல்லை தாங்கலை. சிவகாசி சென்டர்ல நர்ஸம்மாட்ட குடுத்துட்டு வாரேன். பாருங்க." உடனே சுற்றி எடுத்து மிஷினில் ஏற்றினேன். முதலில் என்சைம் வந்தது, நல்ல எண். அல்புமின் நாலரை, தங்கம் மாதிரி. கண் கலங்கிவிட்டது எனக்கு. பிறகு மற்றதெல்லாம் வர ஆரம்பித்தது. கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்கிற என்சைம் அடியோடு விழுந்து கிடந்தது. பொட்டாசியம் மிஷின் எண்ணுகிற அளவைத் தாண்டி நின்றது. இந்தப் பொட்டாசியத்தில் இதயம் துடிக்காது. திரும்பிப் பார்த்தேன். ஆள் பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தான்.

மிஷின் கெட்டுவிட்டதோ என்று, எண் தெரிந்த சோதனை சீரத்தை ஓட்டினேன். சரியாகத்தான் இருந்தது. டியூபைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த சிவப்பு தளும்பியது. சிவப்பு மூடி டியூபில் ரத்தம் அரை மணி நேரத்தில் கட்டிப்பட்டுவிடும், தளும்பாது. ஊதா மூடி டியூபில்தான் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு உப்பைத் தடவியிருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த என்சைமை முடக்கிவிடும், தன்னிடமிருக்கிற பொட்டாசியத்தைக் கொட்டிவிடும். "இது யாரு ரத்தம்லே?" என்றேன். கொஞ்சம் முழித்துவிட்டுச் சொல்லிவிட்டான். பெட்டிக்குள்ளிருந்து, போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிற ஒரு பையனுடைய டியூபாகப் பார்த்து, பால் மாதிரி வெளுக்காததாகப் பார்த்து, பாதி ஊற்றியிருக்கிறான். "சிவப்பு மூடியெல்லாம் கட்டியாப் போச்சு, சாய்ச்சா வரமாட்டேங்குது. ஊதாதான் ஊத்த வந்துச்சு" என்றான். நான் சொன்னேன், "இந்த ரிப்போர்ட்படி நீ செத்து ஒரு மணி நேரம் ஆச்சு." அவன் கிளாஸை நீட்டினான்: "அப்பச் செத்தவனுக்கு இன்னும் அரை கிளாஸ் ஊத்துங்க அண்ணாச்சி, ஆறிறப் போகுது."

ஸ்பிரிட் விளக்கு

நான் ஊற்றவில்லை. பிளாஸ்க்கை மூடினேன். "நாளையில இருந்து பெட்டியை வச்சிட்டுப் போயிரு. உனக்கு இங்கன டீ கிடையாது, பேச்சும் கிடையாது" என்றேன். என்னிடம் இருந்ததே அந்தப் பத்து நிமிஷம்தான், அதைத்தான் எடுத்துப் பந்தயம் வைத்தேன். அவன் எழுந்து போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. உள்ளே வந்து, "மேடம் எத்தனை மணிக்கு வருவாக?" என்றான். ஆறரை என்றேன். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஆறு வருஷத்தில் ஒரு முழு ராத்திரி எனக்குத் துணைக்கு ஆள் இருந்தது அன்றைக்குத்தான். பெரும்பாலும் தூங்கினான், குறட்டைகூட விட்டான். மிஷின் சத்தத்துக்கு நடுவே அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விடிந்ததும் அவனுடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். கொதிக்கக் கொதிக்க, வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி புரதம் திரண்டு நின்றது. மேடம் வந்து ரத்தம் எடுத்தார்கள். சுற்றி எடுத்தால் சீரம் பால் மாதிரி இருந்தது. பரோட்டா இல்லாமலே பால். ஈரல் என்சைம் அத்தனையும் சரியான எண். ரத்தத்தில் கழிவு தேங்கினால் ஏறுகிற கிரியாட்டினின் இன்னும் ஒன்றைத் தாண்டவில்லை. அல்புமின் மட்டும் ஒன்று புள்ளி ஒன்பது. மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டியது.

மேடம் அவனை உட்காரவைத்துப் பேசினார்கள். "நான் டாக்டர் இல்ல. ஆனா இது ஈரல் மாதிரி தெரியல. ஈரல் புரதத்தைச் செய்யத்தான் செய்யுது. கிட்னி அதை வடிகட்டி நிப்பாட்டாம வெளிய விடுது. அது போகப் போகத்தான் தண்ணி காலுக்கு இறங்குது, ரத்தத்துல கொழுப்பும் ஏறுது. கழிவு இன்னும் ரத்தத்துல தேங்கல, அதனால நேரம் இருக்கு. இன்னைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க." கிட்னி என்றதும் அழுவான் என்று நினைத்தேன். அவன் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினான்: "ஈரல் நல்லாருக்குன்னு தனியா ஒரு பேப்பர் அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி, வீட்ல காமிக்கணும்."

சுற்றத் தேவையில்லாத டியூப்

மதுரையில் மூன்று வாரம் படுத்தான். கிட்னியில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி பைக் கூடாது என்றுவிட்டார்கள். இப்போது சிவகாசியில் காலண்டர் குடோனில் பகல் வேலை, உட்கார்ந்து தாள் எண்ணுகிறான். நான் எழுந்திருக்கிற நேரத்தில் அவன் வேலையில், அவன் ஓய்கிற நேரத்தில் நான் கிளம்பிக்கொண்டு. போன் இருக்கிறது. ரெண்டு தடவை பேசிப் பார்த்தோம். கையில் டீ இல்லாமல் என்ன பேசுவது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. பெட்டி கொண்டு வருகிற புது ஆள் காதில் எதையோ செருகிக்கொண்டே வருகிறார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். நல்லவர்தான்.

ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டிக்குள் கருப்பசாமியின் டியூப் வருகிறது. அல்புமினுக்கு வெளிச்சம் பட்டால் ஒன்றும் ஆகாது, சுற்ற வேண்டியதில்லை. அவன் டியூப் மட்டும் அச்சுப் பிசகிய காலண்டர் தாளில் சுற்றித்தான் வரும். பின்பக்கம் பேனாவால், "அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" பதில் எழுத எனக்கு இடம் கிடையாது. நான் அனுப்ப முடிந்தது எண் மட்டும்தான். ரெண்டு புள்ளி மூணு. ரெண்டு புள்ளி ஏழு. ஒரு மாதம் ரெண்டு புள்ளி ரெண்டுக்கு இறங்கியது. அன்றைக்கு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான், பிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை. அடுத்த மாதம் ரெண்டு புள்ளி ஒன்பது. போன வாரம் மூணு புள்ளி நாலு. சீரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். வைக்கோல் கலர், சுத்தமான வைக்கோல் கலர். சுற்றியிருந்த தாளில், வேல் ஒன்றாகவே அச்சான முருகனுக்குப் பின்னால், வழக்கமான கேள்விக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "இனிமே மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுத்தாப் போதும்னு டாக்டர் சொல்லிட்டாக அண்ணாச்சி."

சிநேகிதனுக்கு எண் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஏறிய பிறகு அவன் ரத்தத்துக்காகத் தேதி பார்த்துக் காத்திருக்கிற பிழைப்பு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.